ஜாக்கியை இழுக்கக் கூடாது

பிப்ரவரி வந்தால் தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் செய்முறைத் தேர்வுக் காலம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தென்னேரி, வாலாஜாபாத் பக்கத்துப் பிள்ளைகளும் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டு, படம் வரைந்து, கையெழுத்து வாங்கித் தயாராகிவிடுவார்கள். வேறொரு பள்ளியிலிருந்து புறத்தேர்வாளர் வருவார். பிளஸ் டூ இயற்பியலிலும் வேதியியலிலும் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இந்த இருபதைப் பெரிதாக இழந்த மாணவரை நான் பார்த்ததில்லை.

இலங்கையில் க.பொ.த. உயர்தரம் எழுதும் மாணவருக்கு இந்தக் கவலையும் கிடையாது, இந்தச் சலுகையும் கிடையாது. பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் அங்கே தனியாக ஆய்வுகூடத் தேர்வு இல்லை. முதல் வினாத்தாளில் ஐந்து தெரிவுகள் கொண்ட 50 பல்தேர்வு வினாக்கள். இரண்டாவதில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும். செயன்முறை அறிவைச் சோதிக்கும் இடம் அந்த அமைப்புக் கட்டுரைதான்.

மீட்டர் பாலத்தை எடுத்துக்கொள்வோம். இரு நாட்டுப் பாடத்திட்டத்திலும் இருக்கும் பழைய சோதனை. ஒரு மீட்டர் கம்பி, ஒரு கால்வனோமீட்டர், கம்பியைத் தொட ஒரு ஜாக்கி. நம் பள்ளியில் மதிப்பெண்ணை வாய்பாடு, செய்முறை விளக்கம், காட்சிப்பதிவுகள், கணக்கீடு, முடிவு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அளக்கக் கொடுக்கும் சுருளின் மின்தடை என்ன என்று போன வருடத்து அக்கா சொல்லியிருப்பாள். விடை தெரிந்த பிறகு பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதுவது கடினமல்ல. நாலு ரீடிங்கும் அச்சடித்தாற்போல ஒத்துவந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஒத்து வராமல் போனால்தான் தொல்லை.

இலங்கை வினாத்தாள் அதே பாலத்தைப் படமாகப் போட்டுவிட்டுத் துளைத்து எடுக்கும். சமநிலைப் புள்ளி கம்பியின் ஓரத்தில் வந்தால் என்ன செய்வாய்? அதை நடுவுக்குக் கொண்டுவர ஏன் முயல வேண்டும்? தடைகளை இடம் மாற்றி மறுபடி ஏன் அளக்க வேண்டும்? ஜாக்கியைக் கம்பியின் மேல் இழுத்துக்கொண்டே போகக் கூடாதா, ஏன்? இழுத்தால் கம்பி தேயும். தேய்ந்தால் தடிப்பு ஒரே சீராக இருக்காது. சீராக இல்லையென்றால் நீளத்தைக் கொண்டு தடையைச் சொல்லும் அடிப்படையே ஆட்டம் கண்டுவிடும். ஜாக்கியைத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும் என்பது நம் மாணவிக்கும் தெரியும், ஆசிரியர் அதட்டியிருப்பார். காரணத்தைத்தான் யாரும் அவளிடம் கேட்பதில்லை.

இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இலங்கை வினாத்தாள் என்பேன். கையில் கருவியைக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்காமல் இருப்பதைவிட, கேள்வியைக் கேட்டு மனத்துக்குள் கருவியை ஓட்ட வைப்பது அறிவியலுக்கு நெருக்கமானது.

அந்த வினாத்தாள் அப்படி அமைந்ததற்கு ஒரு காரணம் அது யாருக்காக எழுதப்படுகிறது என்பது. இலங்கையில் மருத்துவத்துக்குப் போகப்போகும் தமிழ்ப் பிள்ளையும் பொறியியலுக்குப் போகப்போகும் பிள்ளையும் பெரும்பாலும் உயர்தரம்வரை தமிழிலேயே படித்துத் தமிழிலேயே எழுதுகிறார்கள். ஆகவே மிகக் கடினமான கேள்வியும் மிகத் தேர்ந்த ஆசிரியரும் தமிழில் இருந்தாக வேண்டும். இதன் வேர் ஆழமானது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1864 முதல் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் என்று நூல்களைத் தமிழில் ஆக்கித் தந்தார். அதற்கு முன்பே, 1855இல், கறோல் விசுவநாதபிள்ளை வீசகணிதத்தைத் தமிழில் எழுதியிருந்தார். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வியும் தொடர்ந்து வந்த தாய்மொழிக் கல்விக் கொள்கையும் சேர்ந்தபோது, விஞ்ஞானம் தமிழில் நடப்பது அங்கே இயல்பாயிற்று. நம் பக்கத்தில் மருத்துவக் கனவுள்ள வீடு பிள்ளையை ஆங்கில வழிக்கு மாற்றிவிடுகிறது. தமிழ் வழி மாணவருக்கு மிஞ்சுவது கைடும் புக் பேக் கேள்விகளும்.

ஆனால் இலங்கையைப் புகழ்வதற்கு ஓர் எல்லை உண்டு. அங்குள்ள ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடப்பது சுமார் ஆயிரத்தில்தான். தென்னேரிப் பெண் வாலாஜாபாத்துக்கோ காஞ்சிபுரத்துக்கோ பஸ் ஏறினால் அறிவியல் குரூப் கிடைத்துவிடும். வன்னியிலோ மலையகத்திலோ உள்ள பிள்ளைக்கு அது இன்றும் அவ்வளவு எளிதல்ல. கிடைத்தவருக்கும் பாதிப் படிப்பு ரியூசன் கொட்டிலில். நூற்றுக்கணக்கானோர் வாங்கில் நெருங்கி உட்கார்ந்திருக்க, சேர் கரும்பலகையில் மீட்டர் பாலத்தை வரைந்து, எங்கே பிழை வரும் என்று அழகாகச் சொல்வார். வாழ்நாளில் ஒருமுறையும் ஜாக்கியைத் தொடாமல் அதைப் பற்றி முழு விடை எழுதும் கெட்டிக்காரர்கள் உருவாகிவிடுகிறார்கள். சோதனையைச் செவிவழி அறிவது ஒரு வினோதமான விஞ்ஞானம்தான்.

யாழ்ப்பாணத்தில் உண்மையான சோதனைக்கூடம் வீடுகளில் திறந்தது 1990களில். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெட்ரோல், பேட்டரி எதுவும் வராது. மண்ணெண்ணெய் எட்டாத விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரியைப் போத்தலுக்குள்ளேயே எரியவிட்டார்கள். காற்றும் அணைக்காது, எண்ணெயும் மிச்சம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது என்பதை அங்கே சின்னப் பையனும் அறிவான். அந்த ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள்தான் மறுநாள் உயர்தரப் பரீட்சைக்குப் போனார்கள். அவர்கள் வீட்டில் செய்த எதுவும் வினாத்தாளுக்குள் வந்ததாகத் தெரியவில்லை.

பள்ளிக்கு வெளியே அறிவியலைக் கொண்டுபோவதில் தமிழ்நாடு ஒரு படி முன்னே நிற்கிறது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இலிருந்து துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழை நடத்துகிறது. ஊர்களில் துளிர் இல்லங்கள் என்ற சிறுவர் மன்றங்களையும் நடத்தியது. யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கம் 1991இலிருந்து இயங்குகிறது என்றாலும் அது முதன்மையாக ஆய்வாளர்களின் சபை. வேறுபாடு வானத்தைப் பார்க்கும் நாளில் தெரியும். 2010 ஜனவரி 15 அன்று கங்கண சூரிய கிரகணம் ராமேசுவரத்தையும் யாழ்ப்பாணத்தையும் ஒரே நண்பகலில் கடந்தது. இலங்கையில் போர் முடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. 2019 டிசம்பர் 26இல் இன்னொன்று, கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியாக வட இலங்கைக்குப் போயிற்று. கோயில் நடை சாத்தி, கர்ப்பிணிகளை வீட்டுக்குள் இருத்தும் ஊர்களில் அறிவியல் இயக்கத்தார் அட்டையில் ஊசித்துளை போட்டு நிழலைக் காட்டினார்கள், கிரகண நேரத்தில் நடுத்தெருவில் சாப்பிட்டும் காட்டினார்கள். உண்பதால் ஒன்றும் ஆகாது என்பதை உண்டுதான் நிரூபிக்க முடியும்.

அரசும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் எளிய சோதனைப் பொருள்களோடு கருத்தாளர்களை அனுப்புகிறது. நல்ல வேலை. ஆனால் எட்டாம் வகுப்போடு அது நின்றுவிடுகிறது. அதன் பிறகு மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் வந்து நிற்கிறது. நீட் பயிற்சி மையத்தில் ஆய்வகத்துக்கு வேலையில்லை. 2024 பாடத்திட்டத்தில் ‘செய்முறைத் திறன்கள்’ என்று இயற்பியலில் ஓர் அலகைச் சேர்த்தார்கள். மீட்டர் பாலமும் அதில் உண்டு. ஆய்வகம் இல்லாமல் சோதனையைப் பற்றிக் கேட்கும் இலங்கை வழிக்கு இந்தியாவும் வந்துவிட்டது, அதுவும் பாதி வழிக்கு மட்டும். அங்கே ஏன் என்று எழுத வேண்டும். இங்கே நான்கில் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும்.

இருபது மதிப்பெண் கையில் இருக்கும்போது நாம் ஏன் அதை வீணாக்க வேண்டும்? தென்னேரி ஏரியையே எடுத்துக்கொள்ளலாம். மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று அது. திரையன் ஏரி என்பதுதான் தென்னேரி ஆயிற்று என்று சொல்வார்கள். மழை நன்றாகப் பெய்த வருடம் ‘ஏரி கோடி போகுது’ என்று பார்க்கக் கிளம்பும் பிள்ளைகள், பத்தாம் வகுப்பு அளவியலில் கூம்பின் இடைக்கண்டத்தை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியானால் போவது 50 லட்சம் லிட்டர். அந்த ஐந்தைப் பிள்ளைகளே அளக்கட்டும். கரையில் ஓர் அகலமான தொட்டி, ஓர் அளவுகோல், ஒரு வாரம். அளந்ததை அப்படியே ஏரிக்குப் பொருத்தினால் கணக்கு மிகையாக வரும், ஏனென்றால் தொட்டியின் சுவர் வெயிலில் சூடேறி நீரை வேகமாக விரட்டும். நீரியலாளர்கள் அதற்காகவே தொட்டி அளவை ஏறத்தாழ 0.7ஆல் பெருக்குவார்கள். நாய் வந்து குடித்த தண்ணீர் வேறு. கிளிநொச்சியில் இரணைமடுக் குளக்கட்டில் வைத்தாலும் இதே தொட்டி, இதே சிக்கல்.

இதில் எட்டுக் குழுவுக்கு எட்டு விடை வரும். ‘முடிவு’ என்ற கட்டத்தில் எந்த எண்ணைச் சரி என்று டிக் அடிப்பது என்று புறத்தேர்வாளர் திகைப்பார். காரணத்துக்கு மதிப்பெண் போடும் விடைத்திட்டம் ஒன்று அவருக்கு வேண்டும். இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் அமைப்புக் கட்டுரைக்குத் தயாரிப்பது அப்படிப்பட்ட ஒன்றைத்தான், அதுவும் தமிழிலேயே. வாங்கிப் பார்ப்பதற்குப் பெரிய செலவாகாது.