ஜெனீவாவில் நம் நாட்டின் அறிக்கை: ஒரு திறனாய்வு

ஐக்கிய நாடுகளின் மனித உரிமை மன்றம் 2006ஆம் ஆண்டு நிறுவப்பட்டபோது, உறுப்பு நாடுகள் யாவும் தத்தம் மனித உரிமை நிலையைப் பிற நாடுகளின் முன் காலந்தோறும் எடுத்துரைக்க வேண்டும் என்னும் முறை வகுக்கப்பட்டது. அனைத்துலகக் காலமுறை ஆய்வு என்பது அதன் பெயர். நம் நாடு 2008, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் ஜெனீவாவில் இவ்வாய்வுக்கு உட்பட்டு, ஒவ்வொரு முறையும் ஓர் அறிக்கை அளித்தது. அவ்வறிக்கைகள் எத்தன்மையன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அறிக்கை என்னும் சொல்லை நாம் இரு பொருளில் அறிவோம். விசுவாச அறிக்கை நாம் பற்றியிருப்பதைச் சொல்கிறது; பாவ அறிக்கை நாம் தவறியதைச் சொல்கிறது. அரசின் அறிக்கைகள் பெரிதும் முன்னதன் சாயலில் அமைந்துள்ளன. அரசியலமைப்பின் உறுதிகள், சட்டங்கள், ஆணையங்கள், திட்டங்கள் ஆகியவை நிரலே கூறப்படுகின்றன. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் போன்றவை உண்மையிலேயே எளியோர்க்கு அரண்கள். எனினும், சட்டம் எங்கே தவறியது, எவர் துன்புற்றனர் என்னும் வினாக்களுக்கு அங்கே இடம் அரிது.

சான்றாக ஒன்றைக் காண்போம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபர் 14 அன்று கையொப்பமிட்டது. இன்றளவும் அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. 2008ஆம் ஆண்டின் ஆய்வில் வந்த 18 பரிந்துரைகளுள் அவ்வேற்புறுதியை விரைவுபடுத்துக என்பதும் ஒன்று. ஆவன செய்யப்பட்டு வருகிறது என்று அரசு மறுமொழி கூறியது. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா சட்டமாகாமலே காலாவதியாயிற்று. 2022இல் பரிந்துரைகள் 341 ஆகப் பெருகின; ஏற்புறுதி பற்றிய வேண்டுகோளும் மீண்டும் வந்தது.

2017இல் நம் குழுவுக்குத் தலைமை தாங்கிய அந்நாளைய தலைமை வழக்குரைஞர் முகுல் ரோத்தகி, சித்திரவதை நம் பண்பாட்டுக்கே அந்நியமானது என்று அம்மன்றத்தில் கூறினார். இக்கூற்றைத் தியாகதுருகம் வட்டாரத்தில் ஊழியஞ்செய்வோர் எவ்வாறு கேட்பர்? இங்கிருந்து மேற்கே கல்வராயன் மலை. அதற்கும் அப்பால் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. கல்வராயன் மலைவாழ் மலையாளிப் பழங்குடியினரின் இனத்தாரே அவ்வூரார். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடும் பெயரில் வனம், காவல், வருவாய் ஆகிய மூன்று துறையினரும் அங்குப் புகுந்தனர். ஊரார் அடிக்கப்பட்டனர், வீடுகள் அழிக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் அன்று உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

நாம் கருத வேண்டியது இது: ஜெனீவாவில் அவ்வாறு பேசப்பட்ட நாளில் தருமபுரித் தீர்ப்பு வெளியாகி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தது. எம் அலுவலர் கொடுமை செய்தனர். எம் நீதிமன்றமே அவர்களைத் தண்டித்தது என்று உரைத்திருப்பின் நாட்டுக்கு இழுக்கு நேர்ந்திருக்குமோ? நம் நீதித்துறையின் சிறப்பன்றோ வெளிப்பட்டிருக்கும்! பண்பாட்டைக் காக்க எழுந்த கூற்று, வாச்சாத்திப் பெண்களின் சாட்சியத்தையும் அதை ஏற்ற நீதிமன்றத்தையும் ஒருங்கே மறைத்துவிட்டது.

பிற நாட்டார் நம்மை வினவுவது தலையீடு என்று சிலர் கூறுவர். இவ்வாய்வில் நீதிபதியாக அமரும் நாடு எதுவும் இல்லை. இன்று வினவும் நாடு நாளை விடையளிக்க நிற்கிறது. எனவே இவ்வாதம் வலுவற்றது.

மன்றத்தின் முன் வைக்கப்படுவன மூன்று ஆவணங்கள். அரசின் அறிக்கையோடு, ஐ.நா. அமைப்புகள் தரும் தொகுப்பும், மக்கள் அமைப்புகள் அனுப்புவனவற்றின் சுருக்கமும் உண்டு. அரசின் அறிக்கை சொல்லாது விடுவதைச் சொல்லும் வாய்ப்பு அம்மூன்றாவது ஆவணத்தில் இருக்கிறது. மலையடிவாரச் சபைகளில் பணியேற்கப்போகும் மாணவர் இதனை அறிதல் நன்று. காவல் நிலையத்திலும் காட்டிலும் நேர்வதை முதலில் கேட்கும் செவி பலவேளை போதகருடையதே. கேட்டதை நாளும் இடமும் பிழையாது எழுதிவைப்போமாயின், அடுத்த ஆய்வில் நாட்டின் அறிக்கை முழுமைபெற அது துணைசெய்யும்.