கீழே கிடக்கிற செருப்பை எடுங்க

பக்கவாதம் வந்தவருக்கு உடம்பின் சமநிலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க பிசியோதெரபிஸ்ட்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்துவது பெர்க் சமநிலை அளவுகோல். 1989-ல் கனடாவில் கேத்ரின் பெர்க்கும் கூட இருந்தவர்களும் முதலில் முதியவர்களுக்காக உருவாக்கியது. 14 சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 56. நாற்காலியிலிருந்து எழணும், கண்ணை மூடி நிற்கணும், தரையில் கிடக்கும் செருப்பை எடுக்கணும், இந்த மாதிரி.

செஞ்சு காட்டுற சோதனைதானே, இதில் மொழிக்கு என்ன வேலை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனா மதிப்பெண் விதியைப் பாருங்க. முதல் சோதனையில் கை ஊன்றாமல் எழுந்தால் 4, ஊன்றி எழுந்தால் 3. "கையை ஊன்றாம எழப் பாருங்க" என்பது நோயாளிக்குப் புரியவில்லை என்றால் ஒரு மதிப்பெண் போச்சு. காரணம் கால் இல்லை, வாக்கியம். 45-க்குக் கீழே போனால் விழும் அபாயம் என்று பல இடங்களில் கோடு போடுகிறார்கள். அந்தக் கோட்டில் நிற்பவருக்கு ஒரு மதிப்பெண் சின்ன விஷயமில்லை.

இனி ஸ்பானிஷுக்கு வருவோம். 'எடு' என்பதற்கு ஸ்பெயினில் சாதாரணமாகச் சொல்வது 'கொஹேர்'. அர்ஜென்டினாவிலும் மெக்சிகோவிலும் அது உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். 'சபதீயா' ஸ்பெயினில் வீட்டுச் செருப்பு. மெக்சிகோவில் பெண்கள் போடும் ஹை ஹீல்ஸ். மாட்ரிட்டில் தயாரான ஒரு தாளை மெக்சிகோவில் ஒரு பாட்டியிடம் அப்படியே வாசித்தால் என்ன ஆகும்?

மொழிபெயர்ப்புக்கு ஒழுங்கான வழிமுறை இருக்கிறது. 2000-ல் பீட்டனும் மற்றவர்களும் எழுதியதைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள்: இருவர் மொழிபெயர்க்கணும், வேறு இருவர் மூலத்தைப் பார்க்காமல் திருப்பி மொழிபெயர்க்கணும், நிபுணர் குழு பார்க்கணும், கடைசியில் 30, 40 பேரிடம் சோதிக்கணும். நல்ல முறைதான். ஆனா 'கொஹேர்' திருப்பி வரும்போது சமர்த்தாக 'எடு' என்றே வரும். பிழை பிடிபடாது. இரண்டு தெரபிஸ்ட்கள் ஒரே மதிப்பெண் போடுகிறார்களா என்ற நம்பகத்தன்மைச் சோதனையும் உதவாது. தப்பாகப் புரிந்துகொண்ட நோயாளிக்கு இருவருமே 3 போடுவார்கள். ஒற்றுமை பிரமாதம், மதிப்பெண் தப்பு.

தாளைப் படிப்பவர் தெரபிஸ்ட். அதனால் "புரியுதா?" என்ற கேள்வியும் அவரோடு நின்றுவிடுகிறது. காதில் கேட்பவரை யாரும் கேட்பதில்லை. போதாக்குறைக்கு, பேச்சைப் புரிந்துகொள்ளும் திறன் பாதிக்கப்பட்டவர்களைப் பல ஆய்வுகள் ஆரம்பத்திலேயே விலக்கிவிடுகின்றன. சொல் யாருக்கு அதிகம் முக்கியமோ, அவர்களே வெளியே.

தீர்வு பெரிய வித்தையில்லை. எங்கும் உறுத்தாத 'ரெகொஹேர்' இருக்கிறது. ஸ்ட்ரோக் நோயாளிகளுக்கென்றே 1999-ல் பிரான்சிலிருந்து வந்த பாஸ் அளவுகோலில் தரையிலிருந்து எடுக்க வேண்டியது வெறும் பென்சில். அது எல்லா ஊரிலும் 'லாபிஸ்'தான். அதோடு, கடைசிக் கட்டச் சோதனையில் நோயாளியிடமே கேட்கலாம்: "இப்ப உங்களை என்ன செய்யச் சொன்னேன்?" பதில் சொல்ல முடியாதவர் செய்து காட்டட்டும். அதைக் கேட்காத ஆய்வு தாளைத்தான் மொழிபெயர்த்திருக்கிறது, சோதனையை இல்லை.