சொல்வடிவமா, எழுத்துகளா? அச்சுச்சொல்லை இனங்காணலும் தமிழ் எழுத்துமுறையும்

முன்னுரை

அச்சிட்ட சொல்லின் எழுத்துகளை வாசகர் நோக்குவதில்லை. சொல்லின் புறவடிவத்தை ஒரே பார்வையில் கண்டு பொருள் கொள்கின்றனர் என்னும் கருத்து அச்சுக்கலையிலும் தொடக்கக்கல்வியிலும் செல்வாக்குப் பெற்றுள்ளது. அது ஏற்புடையதா என்பதை உளவியல் ஆய்வுகள் வழியும் தமிழ் எழுத்துமுறை வழியும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

சான்றும் மறுப்பும்

இக்கருத்துக்கு அடிப்படையாக ஜேம்ஸ் மெக்கீன் கேட்டல் 1886இல் வெளியிட்ட முடிவுகள் காட்டப்படுகின்றன. கணநேரம் காட்டப்பட்டபோது, தொடர்பற்ற எழுத்துகளைவிடச் சொல்லாய் அமைந்த எழுத்துகளே மிகுதியாக அறியப்பட்டன. 1969இல் ரைக்கர் இதனைச் செப்பமாகச் சோதித்தார். சொல்லின் ஓர் எழுத்து எது என்பதற்கு அவர் தந்த இரு விடைகளுமே சொல்லை நிறைவு செய்வன. ஆதலின் ஊகம் பயன்படவில்லை. அப்போதும் தனியெழுத்தைவிடச் சொல்லுள் நின்ற எழுத்தே நன்கு அறியப்பட்டது.

ஆயின், ஒலிக்கத்தக்க பொருளற்ற எழுத்துத்தொடர்களிலும் இத்தகைய ஆதாயம் பின்னர்ப் புலப்பட்டது. முன்பு கண்டிராத தொடருக்கு மனத்தில் பதிந்த புறவடிவம் இருத்தல் இயலாது. எழுத்துகள் ஒருங்கே இனங்காணப்படுகின்றன என்பதே பொருத்தமான விளக்கமாகும். 1981இல் மெக்லெலண்ட், ரூமல்ஹார்ட் ஆகியோர் முன்வைத்த மாதிரியில் எழுத்துகள் சொல்லைத் தூண்டுகின்றன. தூண்டப்பட்ட சொல் எழுத்துகளுக்கு வலுவூட்டுகிறது.

தமிழ் எழுத்துமுறை தரும் சான்று

புறவடிவக் கொள்கை, மேலும் கீழும் நீளும் கோடுகளையுடைய உரோமன் சிற்றெழுத்துகளை மனங்கொண்டு எழுந்தது. தமிழில் ‘கெடு’, ‘கேடு’ என்பவற்றைக் கொம்பின் சுழி ஒன்றே வேறுபடுத்துகிறது. ‘பல’, ‘பல்’ என்பவற்றைப் புள்ளி ஒன்றே வேறுபடுத்துகிறது. புறவடிவம் ஏறத்தாழ ஒத்திருந்தும் வாசகர் மயங்குவதில்லை. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் ‘லை’, ‘னை’ முதலிய 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. எனினும் பழைய அச்சிலுள்ள ‘மலை’யும் புதிய அச்சிலுள்ள ‘மலை’யும் ஒரே சொல்லாகவே படிக்கப்படுகின்றன.

ஓலைச்சுவடியில் சொல்லிடைவெளி இல்லை. புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. அங்குத் தனித்த சொல்வடிவம் என்பதே கிடையாது. படிப்போரின் சொல்லறிவே ஐயமான எழுத்தைத் தெளிவித்தது. இது மேற்கூறிய மாதிரியோடு இயைகிறது. அவ்வாசிப்பு அச்சுவாசிப்பினும் மெதுவானதாய் இருந்திருக்கலாம்; ஆதலின் சொல்லிடைவெளியின் பயனை இச்சான்று மறுப்பதாகாது.

முடிவுரை

வாசிப்பு விரைவாக நிகழ்வதால் எழுத்துகள் நோக்கப்படுவதில்லை எனக் கொள்வது பிழை. எழுத்தறிமுகத்தைத் தவிர்த்துச் சொற்களைப் படமாக மனத்தில் பதியவைக்கும் கற்பித்தல், புதிய சொல்லை எதிர்கொள்ளும் குழந்தையைத் துணையின்றி விடுகிறது. புள்ளி, கொம்பு, சுழி ஆகியவற்றைச் சிறிய அளவிலும் தெளிவாகக் காட்டும் எழுத்துருவே தமிழ்ப் பாடநூலுக்கு முதல் தேவையாகும்.