அரிய பறவை தேடுவோருக்கு ஒரு புத்தகம்

பெருந்துறையிலிருந்து வெள்ளோடு ஏரிக்கு வண்டியை விடும் நமக்கு வேண்டியதெல்லாம் ஒரு அரிய பறவை. அது சிக்காவிட்டால், எதிரே கூழைக்கடாக் கூட்டமே இருந்தாலும் "ஒண்ணுமே இல்லீங்க" என்று திரும்புவோம்.

மா. கிருஷ்ணன் இதற்கு நேரெதிர். 1950 முதல் 1996 வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் பத்தி எழுதியவர். தியடோர் பாஸ்கரன் தொகுத்த அவருடைய தமிழ்க் கட்டுரைகளின் தலைப்பு 'மழைக்காலமும் குயிலோசையும்'. தலைப்பிலேயே நம் தெருக்குயில்தான். பக்கத்து மரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் வந்த உரைநடை அது.

இதை வெறும் ரசனை என்று ஒதுக்க முடியாது. பனங்காடை 12 ஆண்டுகளில் 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது என்கிறது 2023-இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை. கண்ட பறவையை எல்லாம் குறித்துவைத்தவர்களின் பட்டியல்களிலிருந்து வந்த கணக்கு. எல்லாரும் அரியதையே தேடியிருந்தால், பனங்காடையும் அரியதாகிற வரைக்கும் யாருக்கும் தெரிந்திருக்காது.