பூமிப்பெயர்ச்சி ஏன் இல்லை?

தளவாய்புரத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடி. ஏழெட்டுப் பிள்ளைகள். கீழே நைட்டி தைக்கிற மெஷின்களின் சத்தம் ஓயவில்லை. சூரியன், எட்டுக் கோள்கள், நிலா, சந்திரயான் என்று வழக்கமான வரிசையில் பேசிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி குறுக்கே கேட்டாள்: "சார், குருப்பெயர்ச்சி வருது, சனிப்பெயர்ச்சி வருது, ராகு கேதுவுக்குக்கூட வருது. பூமிப்பெயர்ச்சி மட்டும் ஏன் சார் வர மாட்டேங்குது?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது: குழந்தைகளுக்கு வானத்தைச் சொல்லித்தரும் நம் எழுத்துகள் தொடாமல் விட்ட இடத்தை அவள் நேராகத் தொட்டுவிட்டாள்.

1

நம் குழந்தைக்கு இரண்டு பட்டியல்கள் தரப்படுகின்றன. ஒன்று வீட்டிலும் கோயிலிலும்: ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, ராகு, கேது. மற்றது பாடப்புத்தகத்தில்: புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன். ஐந்து பெயர்கள் இரண்டிலும் உண்டு. முதல் பட்டியலின் சூரியன் இரண்டாவதில் நட்சத்திரமாகிவிட்டது. சந்திரன் துணைக்கோளாகிவிட்டது. ராகுவும் கேதுவும் பொருள்களே அல்ல, நிலாவின் பாதை சூரியனின் தோற்றப் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். புதிதாக வந்தவை மூன்று. 1781இல் கண்டறியப்பட்ட யுரேனஸ், 1846இல் கண்டறியப்பட்ட நெப்டியூன், பிறகு பூமி.

இந்த மூன்றாவது வரவுதான் பெரிய கலகம். முதல் பட்டியலில் பூமி கிடையாது. ஏனென்றால் அது பார்க்கிறவன் நிற்கும் இடம். 'கிரகம்' என்ற சொல்லுக்குப் பற்றிக்கொள்வது என்று பொருள். தமிழின் 'கோள்' என்பதும் 'கொள்' என்ற அடியிலிருந்து வருவதுதான். பிடிப்பவை அவை, பிடிபடுகிறவர்கள் நாம். காலுக்குக் கீழே இருக்கும் தரையும் அந்தப் பிடிக்கிற கூட்டத்தில் ஒன்றுதான் என்று சொல்லும்போது பயத்தின் இலக்கணமே குலைகிறது. கோப்பர்நிக்கஸின் நூல் 1543இல் வெளிவந்து, அதன் மேல் ஐரோப்பா நூறு வருஷத்துக்கு மேல் சண்டை போட்டது இதற்காகத்தான். நம் புத்தகங்களோ 'சூரியனிலிருந்து மூன்றாவதாக உள்ள கோள் பூமி' என்று கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றன.

விளைவு? இரண்டு பட்டியல்களும் ஒரே மண்டைக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. செவ்வாய் நான்காவது கோள் என்று பரீட்சைக்கு எழுதுகிற அதே பிள்ளைக்கு நாளை ஜாதகத்தில் நான்காம் இடத்தில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பார்கள். வரன் தட்டிப்போகும். அவளுடைய உடல்மீதும் காலத்தின்மீதும் தீர்ப்பு எழுதப்போவது முதல் பட்டியல்தான். இரண்டாவது பட்டியல் மார்க்கோடு முடிந்துபோகும். அந்தப் பிள்ளையின் கேள்வி இரண்டையும் முட்டவிட்டது. அதனால்தான் நமக்குச் சிரிப்பு வந்தது.

2

'சூரியக் குடும்பம்' என்கிற பெயரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'ஞாயிற்றுத் தொகுதி' என்று எழுதுகின்றன. நாம் ஏன் குடும்பம் ஆக்கினோம்? குழந்தைக்குப் பழகிய சொல் என்பார்கள். சரி. ஆனால் குடும்பம் என்றதும் நடுவில் தலைவன் வந்து உட்கார்ந்துவிடுகிறான். அவனைச் சுற்றிப் பிள்ளைகள், கட்டுப்பாடு, ஒழுங்கு. ஈர்ப்பு விசை பாசமாகிவிடுகிறது. கோள் ஒவ்வொரு கணமும் சூரியனை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறது, பக்கவாட்டு வேகத்தால் விழுந்து சேராமலும் இருக்கிறது என்கிற உண்மை, 'அப்பாவைச் சுற்றி வரும் பிள்ளைகள்' என்ற கதையாடலுக்குள் காணாமல் போகிறது. எந்தக் கோளும் யாருக்கும் கீழ்ப்படிந்து சுற்றவில்லை.

2006 ஆகஸ்டு 24 அன்று பிராகாவில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் 'கோள்' என்பதற்கு வரையறை செய்து, புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியது. முந்தைய வருஷம் ஏறக்குறைய அதே அளவுள்ள ஏரிஸ் கண்டறியப்பட்டது. அதையும் சேர்ப்பதா, புளூட்டோவையும் விடுவதா என்பதுதான் பிரச்சினை. வகைப்பாடு மனிதர்கள் விவாதித்து, கையுயர்த்தி வாக்களித்து எடுக்கும் முடிவு என்பதைக் குழந்தைக்குக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. நாம் அதையும் குடும்பத்தை விட்டுத் தள்ளிவைத்த கதையாகவே சொன்னோம். ஊர்விலக்கம் நமக்குப் பழகிய மொழி அல்லவா!

3

அடுத்தது ராக்கெட். 2023 ஆகஸ்டு 23 மாலை 6.04க்கு சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியபோது நானும்தான் கை தட்டினேன். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். சூரியனை ஆராயப் போன ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய செங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவர். தளவாய்புரத்துப் பெண்பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. அதை மறுக்கிற மேட்டிமைத்தனம் நமக்கு வேண்டாம்.

ஆனால் இந்தக் கதைகள் எப்படிச் சொல்லப்படுகின்றன? ஒருத்தர் மேலே போகிறார், மற்றவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். அறிவு சாதனையாளரின் சொத்தாகிறது, குழந்தைக்குப் பார்வையாளர் இடம் ஒதுக்கப்படுகிறது. தேசம் என்கிற பெருங்கதையாடலுக்கு ராக்கெட் வேண்டும், ஆனால் ராக்கெட்டுக்கு ஜாதகத்தோடு தகராறு வேண்டாம். 2014 செப்டம்பர் 24இல் மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் போனது. அதன் பெயரே செவ்வாயின் பெயர். கல்யாண விளம்பரங்களில் செவ்வாய் தோஷம் அப்படியே இருக்கிறது. சந்திரயான்-3 ஏவப்படுவதற்கு முந்தின நாள் அதன் சிறு மாதிரி திருப்பதி சன்னிதிக்குப் போய்வந்தது. தனிமனிதர் நம்பிக்கை அவரவர் விருப்பம். எனினும் இரண்டு வானங்களுக்கும் நடுவே இப்படி ஒரு சமாதான ஒப்பந்தம் இருப்பதைக் குழந்தைகள் கவனிக்காமல் இல்லை.

இன்னொரு உதாரணம். அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேர் பங்கெடுத்த 'ஆசாதிசாட்' செயற்கைக்கோள் 2022 ஆகஸ்டு 7 அன்று ஏவப்பட்டது. நம் மதுரை ரோட்டில் இருக்கிற திருமங்கலத்து மாணவிகளும் அதில் உண்டு. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப்பாதையில் விடவேண்டியதை, ராக்கெட் 356க்கு 76 என்ற நீள்வட்டத்தில் விட்டுவிட்டது. செயற்கைக்கோள் வீணாயிற்று. 2023 பிப்ரவரி 10இல் இரண்டாவது முயற்சி வென்றது. நான் படித்தவற்றில் எல்லாம் 'மனம் தளராத மாணவிகள்' இருந்தார்கள், 76 என்ற எண்ணின் பொருள் இல்லை. 76 கிலோமீட்டரில் காற்று இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது உரசும், வேகம் குறையும், கீழே விழும். ஏன் விழுந்தது என்று தெரிந்தால் அந்தத் தோல்வி பிள்ளைகளுடையதாகியிருக்கும். உற்சாகம் மட்டும் தந்தால் அது செய்தியாளர்களுடையது.

4

இந்த இடத்தில் பகுத்தறிவு நண்பர்கள் 'இதைத்தானே நாங்க அம்பது வருஷமா சொல்றோம்' என்பார்கள். இல்லை. கேலி செய்வது வேறு, எதிர்கொள்வது வேறு. பாட்டியைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்ட குழந்தை சனியைப் பார்க்கக் கற்றுக்கொள்வதில்லை.

ஏழரைச் சனி என்கிற பாட்டியிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ராசிக்கு இரண்டரை வருஷம், மூன்று ராசிக்கு ஏழரை, பன்னிரண்டுக்கு முப்பது. வானியலில் சனி சூரியனைச் சுற்றிவர ஆகும் காலம் ஏறத்தாழ 29½ வருஷம். குரு வருஷத்துக்கு ஒரு ராசி. வியாழனின் சுற்றுக்காலம் கிட்டத்தட்ட 12 வருஷம். தொலைநோக்கி இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் பார்த்துச் சேர்த்த அறிவு இது. 1825இல் வெளிவந்த 'காலசங்கலிதம்' என்ற நூலில் ஜான் வாரன் என்பவர், புதுச்சேரியில் ஒரு தமிழர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாக்கியங்களின் துணையோடு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை எழுதிவைத்திருக்கிறார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் சில நிமிஷங்களே பிசகு. இந்தக் கணக்கை மதிப்போம். அதன் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும் பயத்தை இறக்கிவைப்போம்.

இறக்கிவைக்க வழி, கணக்கையே கேள்வி கேட்பது. சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே வருஷம் டிசம்பர் 20. திருநள்ளாறு கொண்டாடியது இதைத்தான். சனி ஒன்று, தேதி இரண்டு, நடுவில் பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதமும் யாரைப் பிடித்திருந்தது என்று குழந்தைகள் கேட்கட்டும். ஒன்று பழைய வாய்பாட்டை மாற்றாமல் வைத்திருப்பது, மற்றது வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டது. நூலா, வானமா என்கிற கேள்வி அங்கேயே வந்துவிடும்.

5

இனி அந்தப் பிள்ளைக்கான பதில். மறு வாரம் போய்ச் சொன்னேன்.

பூமிப்பெயர்ச்சி உண்டும்மா. நொடிக்கு 30 கிலோமீட்டர். நிற்பதே இல்லை, அதனால் தனியாகத் தேதி போட முடியாது. ஆனால் ஒரு விதத்தில் போட்டும் வைத்திருக்கிறோம். சித்திரை ஒண்ணாம் தேதி சூரியன் மேஷத்துக்குப் போகிறது என்கிறோமே, போவது சூரியன் அல்ல. நாம் நகர்ந்ததால் சூரியனுக்குப் பின்னால் இருக்கும் திசை மாறுகிறது. தமிழ் மாதம் பன்னிரண்டும் பூமிப்பெயர்ச்சிதான், பேர் மட்டும் சூரியன் பேரில் இருக்கிறது. செவ்வாய் வக்கிரமாகப் பின்னால் போவதாகச் சொல்வது, நாம் உட்கார்ந்திருக்கிற பஸ் பக்கத்துப் பஸ்ஸை முந்தும்போது அது பின்னால் போவதாகத் தெரிகிற மாதிரி. கோயிலில் நவக்கிரக மேடையைப் பார். நடுவில் சூரியன். மேடையில் பூமி இல்லை. சுற்றி வருவது யாரு?

"நாங்கதான்" என்றாள்.

ஏப்ரல் 14 வாக்கில், சித்திரைப் பிறப்பை ஒட்டி, தளவாய்புரத்தில் மத்தியானம் 12.20 சுமாருக்குச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. ஆகஸ்டு 29 வாக்கில் மறுபடி ஒருமுறை. இதற்கு இஸ்ரோ வேண்டாம், ஒரு கம்பும் வெயிலும் போதும். நைட்டித் துணியில் ஒரு மீட்டர் குறுக்களவுக்கு வட்டம் வெட்டிச் சூரியன் என்று வைத்தால், பூமி 9 மில்லிமீட்டர் பட்டன். 107 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நிலா அந்தப் பட்டனிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேல், 28 சென்டிமீட்டர். மனிதர் கால் வைத்த எல்லை அந்தச் சாண்தான். நெப்டியூன் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால். 1977இல் கிளம்பிய வாயேஜர்-1 இந்தக் கணக்கில் இப்போது சுமார் 18 கிலோமீட்டர். ராஜபாளையம் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் எங்கோ போய்க்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிள்ளை விஞ்ஞானி ஆவாளா என்பது என் கவலையில்லை. அவள் கீழே இருக்கும் மெஷினிலேயே உட்காரலாம். ஆனால் நாளைக்கு ஒருவர் ஜாதகத்தை விரித்து 'செவ்வாய் பிடிச்சிருக்கு' என்னும்போது, 'அது நம்மள மாதிரியே சுத்திக்கிட்டு இருக்கிற இன்னொரு தரை, அவ்வளவுதான்' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவேண்டும். குழந்தைகளுக்கு எழுதுகிற நண்பர்களிடம் எதிர்பார்ப்பது இந்த வாயைத்தான். எட்டுப் பெயர்களை ஒப்பிக்கிற வாய் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.