நெருப்புப் படாத அரிசி

பங்குனி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வலங்கைமான் தெருக்களில் பாடைகள் வரும். பச்சை மூங்கிலை வெட்டி, குறுக்குக் கழி கட்டி, மேலே பச்சைத் தென்னங்கீற்றைப் பரப்பிய அசல் பாடை. அதில் கைகால் கட்டி, கழுத்தில் மாலையோடு கண்மூடிப் படுத்திருப்பவருக்கு உயிர் இருக்கிறது. முன்னால் உறவுக்காரர் ஒருவர் தீச்சட்டி ஏந்தி நடக்கிறார். பறை முழங்குகிறது. சொந்தபந்தங்கள் கூடவே வருகிறார்கள். இறுதி ஊர்வலத்துக்கு உரிய அடையாளங்களெல்லாம் இருக்கின்றன. போகும் இடம் மட்டும் வேறு. சுடுகாட்டுக்குப் போக வேண்டியது கோயிலுக்குப் போகிறது.

கும்பகோணத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது வலங்கைமான். 1997 வரை தஞ்சாவூர் மாவட்டம், அதன்பிறகு திருவாரூர் மாவட்டம். கோயிலில் இருப்பவள் சீதளாதேவி மகாமாரியம்மன். சுற்று வட்டாரத்தில் அவளைப் பாடைகட்டி மாரியம்மன் என்று சொன்னால்தான் உடனே புரியும். நோயில் கிடந்து, ‘இனிமேல் ஆகாது’ என்று வீட்டார் நம்பிக்கை இழந்த நேரத்தில், “பிழைத்து எழுந்தால் உன் வாசலுக்குப் பாடை கட்டி வருகிறேன், தாயே” என்று நேர்ந்துகொண்டவர்கள் அந்த நேர்த்திக்கடனைச் செலுத்த வருகிறார்கள். ஆற்றங்கரையில் குளித்து, ஈரத்துணியோடு பாடையில் படுப்பார்கள். நாலு பேர் தோள் கொடுத்துக் கோயிலை மூன்று முறை சுற்றி வருவார்கள். சந்நிதிக்கு எதிரே பாடையை இறக்கியதும் பூசாரி தீர்த்தம் தெளித்துத் திருநீறு கொடுப்பார். கட்டு அவிழும். படுத்திருந்தவர் எழுந்து, தன் காலாலேயே நடந்து உள்ளே போவார்.

இந்த வழிபாட்டுக்கு வைத்த பெயரிலேயே ஒரு நயம் உண்டு. பாடைக்காவடி என்கிறார்கள். பால்காவடி, பன்னீர்க்காவடி, புஷ்பக்காவடி என்ற வரிசையில் பாடையையும் ஒரு காணிக்கையாக உட்கார வைத்துவிட்டது ஊர். சாவை ஏமாற்றிவிட்டதாகக் கொக்கரிப்பது இங்கே கிடையாது. வந்த சாவுக்கு உரிய மரியாதைகளைச் செய்து, அம்மனைச் சாட்சியாக வைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். டெல்டாவில் கல்யாணத்துக்கும் கோயில் விழாவுக்கும் சாவு ஊர்வலத்துக்கும் வெடி வேண்டும். அந்த நாட்டு வெடிக்குப் பேர்போன ஊரும் இதே வலங்கைமான்தான். சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் ஒரே கையால் திரி முறுக்கிப் பழகிய ஊருக்குப் பாடையைக் காவடியாக்குவது பெரிய காரியமாகத் தோன்றியிருக்காது.

படம் எடுப்பவர்களும் செய்தி எழுதுபவர்களும் பாடையோடு நின்றுவிடுகிறார்கள். விழாவின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடுபவர் கொஞ்சம் தள்ளிப் போய், பெண்கள் தூக்குவாளியிலும் சம்புடத்திலும் என்ன கொண்டுவருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மாவிளக்கு மாவு, துள்ளுமாவு, பானகம், நீர்மோர், இளநீர், வெள்ளரிப்பிஞ்சு. இவற்றில் ஒன்றுகூட அடுப்பில் ஏறியதில்லை.

காரணம் அம்மை கண்ட வீட்டில் இருக்கிறது. “அம்மா வந்திருக்கா” என்று ஒரு வார்த்தை சொல்லி, வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டால் அந்த வீட்டின் நடைமுறை மாறிவிடும். எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. கடுகு தாளிப்பதில்லை. வறுப்பதும் பொரிப்பதும் நின்றுபோகும். வேப்பிலையைப் பார்த்ததும் வெளியாள் படியேற மாட்டார். உள்ளே இருப்பவர் பிறர் வீட்டுக்குப் போக மாட்டார். முத்து இறங்கிய பிறகு, ஒற்றைப்படை நாளாகப் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அதுவரை இளநீர், மோர், பழையது என்று குளிர்ந்த ஆகாரம்தான். வீட்டுக்குள் அம்மன் குடியிருக்கிறாள், அவளுக்குச் சூடு ஆகாது என்பதே இத்தனைக்கும் சொல்லப்படும் நியாயம். அந்த வீட்டுப் பத்தியத்தை ஊர் முழுக்கச் சேர்ந்து கடைப்பிடித்தால் அதுவே மாரியம்மன் திருவிழா. காப்பு கட்டிவிட்டால் வெளியூர் போய் இராத் தங்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு வீட்டு வாசலில் தொங்கிய வேப்பிலை ஊர் எல்லையில் தோரணமாக ஏறியிருப்பது தெரியும்.

காலமும் பொருந்தி வருகிறது. பெரியம்மை குளிர் கழிந்து வெயில் ஏறும் மாதங்களில்தான் மும்முரமாகப் பரவியது. வங்காளத்தில் அதை வசந்த நோய் என்றே அழைத்தார்கள். வடநாட்டில் சீதளா தேவிக்கு உரிய பசோடா என்ற சீதளா அஷ்டமி, ஹோலி முடிந்து எட்டாம் நாள் வருகிறது. நம் மாசி, பங்குனியை ஒட்டிய நாள். அன்று அடுப்பு மூட்டக் கூடாது. முதல் நாளே சமைத்து ஆறிப்போனதைத்தான் அம்மனுக்குப் படைத்துவிட்டு வீட்டார் சாப்பிடுவார்கள். ராஜஸ்தானத்து வீட்டுக்கும் குடமுருட்டிக் கரை வீட்டுக்கும் மொழியும் தானியமும் வேறு. தேவியின் பெயரும், பருவமும், ஆறிய அடுப்பும் ஒன்று.

இங்கே காவிரி பாயும் பக்கம் வந்ததும் அந்தக் குளிர்ந்த படையல் அரிசியாக மாறிக்கொண்டது. சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கிப் பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள் அம்மனே பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். பக்தர்களுக்காகத் தாயே பட்டினி கிடக்கும் அந்த நாட்களில் தளிகை நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவும் பானகமும் நீர்மோரும் இளநீரும்தான். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் புன்னைநல்லூர் மாரியம்மன் புற்றுமண் திருமேனி என்பதால் மூலவருக்கு நீரால் அபிஷேகம் இல்லை, தைலக்காப்புதான். அங்கே உடம்பில் கட்டியும் மருவும் கரைய வேண்டுமென்று குளத்து நீரில் வெல்லத்தைப் போட்டுவிட்டு வருவார்கள். பானகம் கரைக்கிற அதே வெல்லம். இனிப்பைத் தண்ணீரில் கரைத்து உடம்பின் உஷ்ணத்தைத் தணிக்கும் வீட்டு வைத்தியம், குளம் அளவுக்குப் பெரிதாகிப் பிரார்த்தனை ஆகியிருக்கிறது.

இனி மாவிளக்குக்கு வருவோம். நெல் விளையும் சீமையில் அன்றாடச் சோற்றுக்குப் பெரும்பாலான வீடுகளில் புழுங்கலரிசிதான். சாமிக்கு மட்டும் பச்சரிசி. புழுங்கல் நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை வெந்துவிட்டது; அந்த நெல் மறுபடி முளைக்காது. பச்சரிசிக்கு வந்த நெல் அடுப்பைப் பார்க்காதது, விதைத்திருந்தால் நாற்றாகியிருக்கும். அந்த உயிர்ப்பு போகாத அரிசியைத்தான் அட்சதையாகத் தலையில் தூவுகிறோம், அதைத்தான் கடைசியில் வாய்க்கரிசியாகப் போடுகிறோம். பிணம் வீட்டில் கிடக்கும் வரை அந்த வீட்டிலும் அடுப்பு எரியாது என்பதை நினைத்துக்கொண்டு பாடைக்காவடியைப் பார்க்க வேண்டும். வாய்க்கரிசியாகப் போயிருக்க வேண்டிய பச்சரிசி, மனிதர் பிழைத்துவிட்டதால் மாவிளக்காகி அம்மன் முன்னால் எரிகிறது. விழாவில் நான் மிகவும் ரசிப்பது இந்த மாற்றத்தைத்தான்.

அதைச் செய்கிற பக்குவத்தைப் பாருங்கள். பச்சரிசியைக் களைந்து, அரை மணி, முக்கால் மணி ஊறவைத்து, நீரை ஒட்ட வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புவார்கள். முழுக்கக் காய்ந்துவிடக் கூடாது. ஓர் அரிசியை எடுத்து விரல் நுனியில் நசுக்கினால் மாவாக வேண்டும், ஆனால் ஈரம் கையில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் உரலில் போட்டு இடித்துச் சலித்து, சல்லடையில் நிற்கும் கப்பியைத் திரும்ப இடிப்பார்கள். மாவு கையில் எடுத்துப் பிடித்தால் பிடியாக நிற்கும், விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிரும். இதில் பொடித்த வெல்லத்தைச் சேர்த்து, ஏலக்காய் நுணுக்கிப் போட்டுப் பிசைய வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டுகூட விடுவதில்லை. மாவில் மிச்சமிருக்கும் ஈரம் வெல்லத்தை இளக்கும், இளகிய வெல்லம் மாவைச் சேர்க்கும். நெருப்பும் நீரும் இல்லாமல், கைச்சூட்டிலேயே அரிசி பலகாரமாகிவிடுகிறது. வீரமாங்குடி அச்சு வெல்லம் மாதிரி நல்ல பாகு வெல்லமாக அமைந்தால் நிறமும் மணமும் தனி.

பிசைந்த மாவை உருட்டி, கட்டைவிரலால் நடுவில் குழி அழுத்தி, நெய் ஊற்றி, பஞ்சுத்திரி போட்டு ஏற்றுவார்கள். மாரியம்மன் கோயில்களில் வயிற்று நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் சந்நிதிக்கு எதிரே மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் வாழையிலை போட்டு, அதில் மாவிளக்கை ஏற்றி வைத்துக்கொள்வதும் உண்டு. மூச்சு ஏறி இறங்க, விளக்கும் கூடவே ஏறி இறங்கும். எந்த உறுப்பு வலித்ததோ அதுவே விளக்குத் தண்டாக நின்று அம்மனுக்கு ஒளி காட்டுகிறது. பாடையில் படுப்பதும் மாவிளக்குக்குப் படுப்பதும் ஒரே வழிபாட்டின் இரு வடிவங்கள். நோயில் படுத்த உடம்பை அதே நிலையில் கொண்டுவந்து காட்டி, எழுப்பித் தரும்படி கேட்பது.

விளக்கு எரிந்து முடிந்ததும் அணைந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மலையேறிவிட்டது என்பார்கள். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் காத்திருந்த கட்டம். திரி இருந்த இடத்தைச் சுற்றி, நெய் ஊறி, சுடரின் சூட்டில் பொன்னிறமாகச் சிவந்து ஓரத்தில் லேசாகக் கருகிய ஒரு வளையம் இருக்கும். மற்ற மாவு பச்சை வாசனையோடு இனிக்கும். இந்த வளையம் மட்டும் வறுத்த அரிசியும் காய்ச்சிய நெய்யும் கலந்து மணக்கும். நாள் முழுக்க நெருப்பை விலக்கி வைத்த படையலில், அம்மன் கையால் பட்ட நெருப்பு அவ்வளவுதான். அந்த ஒரு விரற்கடை மாவைத்தான் தாத்தாக்கள் பேரப்பிள்ளைக்குக் கிள்ளிக் கொடுப்பார்கள்.

இந்தப் படையலுக்கு வயலும் ஒத்துழைக்கிறது. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டபின், ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது முறையாயிற்று. தை, மாசியில் சம்பா அறுவடையாகிறது. அறுப்புக்கு முன்பே ஈர வயலில் தெளித்துவிட்ட உளுந்தும் பயறும் பங்குனியில் வீடு வந்து சேரும். வாய்க்கால் வற்றி, வேம்பு கொழுந்துவிட்டுப் பூத்து நிற்கும் மாதம் அது. புது நெல், புதுப் பயறு, புது வேப்பிலை மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் நேரத்தில் மாவிளக்கும், ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரியும் மாங்காயும் சேர்த்த வடைப்பருப்பும், வேப்பிலைத் தோரணமும் வருகின்றன. ஊரின் பயமும் ஊரின் விளைச்சலும் சந்திக்கிற தேதிதான் திருவிழாத் தேதி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசி. 1796-இல் எட்வர்டு ஜென்னர் காட்டிய வழியில் உலகமே உழைத்து, இந்தியாவில் 1975-இல் கடைசி நோயாளியைக் கண்டு, 1980-இல் நோய் அற்றுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. விழாவுக்கு அந்தப் பெருமையைச் சேர்த்துச் சொல்வது விழாவுக்கும் நல்லதில்லை, மருத்துவத்துக்கும் நல்லதில்லை. மருந்தில்லாத காலத்தில் இந்த வழக்கங்கள் செய்த உபகாரம் வேறு. வீட்டை ஒதுக்கி வைத்தன, நோயாளியைத் தொந்தரவில்லாமல் கிடக்கவிட்டன, தாகத்துக்கு மோரும் இளநீரும் கொடுத்தன, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தைரியம் கொடுத்தன. இன்று பாடையில் வருபவர்கள் விபத்தில் பிழைத்தவர்கள், அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பியவர்கள், பல நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள். வைத்தியருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, அம்மனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வருகிறார்கள்.

அடுத்த பங்குனியில் வலங்கைமானுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடையை மட்டும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். மாவிளக்கு ஏற்றி முடித்த ஓர் அம்மாவின் பக்கத்தில் நின்று, அரிசி எவ்வளவு நேரம் ஊறியது, எந்தப் பதத்தில் இடித்தார்கள், வெல்லம் என்ன அளவு என்று கேளுங்கள். ஆசையாகச் சொல்வார்கள், கேட்காமலே ஒரு பிடி மாவும் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து கடை மாவைத் தொடாமல், ஈர அரிசியை நீங்களே இடித்து ஒருமுறை செய்து பாருங்கள். மிக்ஸியில் அரைத்தாலும் பாதகமில்லை, சலித்துவிட்டால் போதும். அந்தக் கைப்பக்குவம் இருக்கிற வரையில்தான் இந்தத் திருவிழாவின் கதை நமக்குப் புரியும்.