ஓட்டுக் கேட்பதும் ஒட்டுக் கேட்பதும்

தேர்தல் சீசனில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்கவே யோசனையாக இருக்கிறது. எடுக்காமலும் இருக்க முடியாது. கூரியர்காரராக இருக்கலாம், ஊரிலிருந்து யாராவது அவசரத்துக்கு அடுத்தவர் போனில் கூப்பிடலாம். எடுத்தால், பதிவு செய்த குரல் ஒன்று வணக்கம் சொல்லி ஆரம்பிக்கும். நாம் ஹலோ சொன்னாலும் அது பேசும், "வேணாங்க"ன்னு சொன்னாலும் பேசும். கட் பண்ணினால் சாயந்திரம் வேறு எண்ணிலிருந்து அதே குரல்.

இதைப் புலம்பினால், "பிளாக் பண்ணிட்டுப் போங்க பாஸ், இதுக்கெல்லாம் ஒரு பதிவா?" என்கிறார்கள் நண்பர்கள். எரிச்சல் மட்டும்தான் பிரச்சினை என்றால் நானும் அப்படித்தான் விட்டிருப்பேன். ஆனால் இந்த அழைப்புகளில் ஒரு வகை நம்முடைய ஓட்டின் ரகசியத்திலேயே கை வைக்கிறது. அதைத்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

எனக்கு வருகிற அழைப்புகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை, தலைவர் அல்லது வேட்பாளரின் பதிவுக் குரல். இரண்டாவது, கால் சென்டரிலிருந்தோ கட்சி அலுவலகத்திலிருந்தோ ஒரு மனிதரே பேசுவது. மூன்றாவது, "கருத்துக் கணிப்பு". உங்கள் தொகுதியில் யாருக்கு வாக்களிப்பீர்கள், இந்தக் கட்சி என்றால் ஒன்றை அழுத்தவும், அந்தக் கட்சி என்றால் இரண்டை அழுத்தவும்.

முதல் வகை நமக்குப் புதிதல்ல. 2004 மக்களவைத் தேர்தலில், "இந்தியா ஒளிர்கிறது" பிரச்சாரத்தோடு சேர்த்து, பிரதமர் வாஜ்பாயின் பதிவுக் குரல் நாடு முழுக்கத் தொலைபேசிகளில் ஒலித்தது. அந்தத் தேர்தலில் அவருடைய கூட்டணி தோற்றது. ஆனால் உத்தி தோற்கவில்லை. அதன் பிறகு எல்லாக் கட்சிகளும் அதைக் கையில் எடுத்துக்கொண்டன. செலவு குறைவு, வெயிலில் அலைய வேண்டியதில்லை. முக்கியமாக, எதிர்க்கேள்வி வராது. வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் "போன தடவை சொன்ன தண்ணி எங்கண்ணே?" என்று கேட்கலாம். பதிவுக் குரலிடம் என்ன கேட்பது? நம் மொழியில் கேட்பது என்றால் வினவுவதும்தான், காது கொடுப்பதும்தான். போனில் வருகிறவர்கள் ஓட்டுக் கேட்கிறார்கள், நம்மைக் கேட்பதில்லை.

"டி.என்.டி. போட்டு வைக்கலாமே?" என்பது அடுத்த யோசனை. நான் போட்டு வைத்திருக்கிறேன். டிராய் அமைப்பின் 2018 ஒழுங்குமுறையை எடுத்து வாசித்தால் அது ஏன் இங்கே உதவாது என்று புரிகிறது. அது கட்டுப்படுத்துவது வணிகத் தகவல் தொடர்பை. 1909க்கு போன் செய்து தடுக்கக்கூடிய வகைகளைப் பாருங்கள்: வங்கி-காப்பீடு, ரியல் எஸ்டேட், கல்வி, உடல்நலம், நுகர்பொருள்-வாகனம், தொலைத்தொடர்பு-பொழுதுபோக்கு, சுற்றுலா, உணவு. பட்டியலில் அரசியல் இல்லை. பிளாட் விற்கிறவரை நான் தடுக்கலாம், ஓட்டுக் கேட்கிறவரைத் தடுக்க எனக்கு ஒரு பொத்தான் கூட இல்லை.

அச்சுப் பிரச்சாரத்தில் இப்படி இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இல் 127ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1961இல் சேர்த்தது. தேர்தல் நோட்டீஸ், போஸ்டர் எதுவாக இருந்தாலும் அச்சடித்தவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால்தான் தெருமுனை நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். போனுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது, அது அச்சைப் பற்றியது. மொத்தமாக அனுப்பும் குரல் அழைப்புகளுக்கு முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் சொல்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் அந்தச் சான்று, ஒலிப்பதிவில் என்ன இருக்கிறது என்பதற்கு. என் எண் எங்கிருந்து கிடைத்தது, நான் அழுத்திய எண் எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு அல்ல.

இப்போது அந்த மூன்றாவது வகைக்கு வருகிறேன்.

ஓட்டின் ரகசியத்தை நம் சட்டம் பெரிய விஷயமாகவே வைத்திருக்கிறது. 94ஆம் பிரிவின்படி, யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று சொல்லும்படி எந்தச் சாட்சியையும் கட்டாயப்படுத்தக் கூடாது. நீதிமன்றத்துக்கே அந்த எல்லை. வாக்குச்சீட்டுக் காலத்தில், எந்தப் பூத்தில் யாருக்கு எவ்வளவு என்று தெரியாமல் இருக்க, பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழக்கம் இருந்தது. மின்னணு இயந்திரம் வந்த பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. ஒவ்வொரு பூத்தின் எண்ணிக்கையும் படிவம் 20இல் தனித்தனியாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். பல இயந்திரங்களின் எண்ணிக்கையைச் சேர்த்துக் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது, சட்ட ஆணையத்தின் 255ஆவது அறிக்கை 2015இல் அதை ஆதரித்தது. நடைமுறைக்கு வரவில்லை.

ஆக, பூத் அளவில் ரகசியம் ஏற்கெனவே இல்லை. மிச்சமிருப்பது ஆள் அளவிலான ரகசியம். ஒரு பூத்தில் ஆயிரம் சொச்சம் பேர், அதில் நான் எந்தப் பக்கம் என்பது என்னோடு. "ஒன்றை அழுத்தவும்" என்பது சரியாக அந்த இடத்துக்குத்தான் வருகிறது. முறையாகச் செய்யப்படும் கருத்துக் கணிப்பில் பதில் சொன்னவர் யார் என்பதைப் பதிலிலிருந்து பிரித்து வைப்பார்கள். தானியங்கி அழைப்பில் என் எண்ணும் நான் அழுத்திய பொத்தானும் ஒரே வரியில் பதிவாகும். யார் நடத்துகிறார்கள் என்று பெயர் சொல்வதில்லை, சொன்னாலும் சரிபார்க்க வழியில்லை. அந்தப் பட்டியல் பூத் கமிட்டி ஆள் கையில் போய்ச் சேர்ந்தால்? உதவித்தொகைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் யாரையாவது பிடித்தால்தான் நடக்கும் என்று நினைக்கிற ஊரில், "இவங்க நம்ம ஆள் இல்லை" என்ற குறிப்பு சும்மா கிடக்குமா? ஓட்டுக் கேட்பது எங்கே முடிந்து ஒட்டுக் கேட்பது எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்பது இதனால்தான்.

எண் எப்படிக் கிடைக்கிறது என்பது இன்னொரு கேள்வி. பொதுவில் வெளியிடப்படும் வாக்காளர் பட்டியலில் பெயர், வயது, வீட்டு எண், உறவினர் பெயர் இருக்கும், செல்போன் எண் இருக்காது. அப்படியென்றால் என் தொகுதியைச் சொல்லிக் கூப்பிடுகிறவர், இரண்டு பட்டியல்களை எங்கோ சேர்த்திருக்கிறார். 2021 புதுச்சேரி தேர்தலில் இது நீதிமன்றம் வரை போனது. ஆதாரோடு இணைந்த எண்களுக்குத்தான் பா.ஜ.க.வின் குறுஞ்செய்திகள் வருகின்றன என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு. தொண்டர்கள் வீடு வீடாகப் போய்த் திரட்டிய எண்கள் அவை என்றது கட்சி. ஆதார் ஆணையம் விசாரிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 2025 ஜூலையில், தி.மு.க.வின் "ஓரணியில் தமிழ்நாடு" உறுப்பினர் சேர்க்கையில் ஓ.டி.பி. பெறுவதற்கு மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. கொடி வேறு, கேள்வி ஒன்றுதான்: ஒருவருடைய எண் கட்சியின் கைக்குப் போகும்போது அவருக்கு என்ன சொல்லப்படுகிறது?

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது லேசானதும் அல்ல. அரசியல் பேச்சு விற்பனைப் பேச்சு மாதிரி இல்லை, ஜனநாயகத்தில் அதற்குக் கூடுதல் இடம் வேண்டும். டி.வி. விளம்பரத்துக்குக் காசில்லாத சுயேச்சைக்குப் போன்தான் கதி. சரி. ஆனால் பேசுகிற உரிமை வேறு, என் காதுக்குள் வந்து பேசுகிற உரிமை வேறு. தவிர, லட்சக்கணக்கில் தானியங்கி அழைப்பு விடுகிறவர் சுயேச்சை அல்ல, அந்தக் காசு உள்ளவர்தான்.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கேயும் 2003இல் வந்த "அழைக்காதே" பட்டியலில் அரசியல் அழைப்புக்கு விலக்குதான். ஆனால் செயற்கைக் குரலிலோ பதிவுக் குரலிலோ ஒருவருடைய செல்போனைக் கூப்பிட முன்அனுமதி வேண்டும் என்கிறது 1991 சட்டம், அரசியல்வாதிக்கும் சேர்த்து. 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் முதனிலைத் தேர்தலுக்கு முன் பைடனின் போலிக் குரலில் அழைப்புகள் போயின. அடுத்த மாதமே, செயற்கை நுண்ணறிவுக் குரலும் அந்தப் பழைய சட்டத்துக்குள் வரும் என்று அறிவித்துவிட்டது அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம். அழைத்த எண்ணைப் போலியாகக் காட்டியதற்காக, அழைப்புகளின் பின்னணியில் இருந்த அரசியல் ஆலோசகருக்கு 60 லட்சம் டாலர் அபராதம். சம்மதம் என்ற ஒரு வார்த்தை சட்டத்தில் இருந்ததால் புதுத் தந்திரத்துக்குப் புதுச் சட்டம் தேவைப்படவில்லை. அதே 2024 பிப்ரவரியில் இங்கே அ.தி.மு.க., ஜெயலலிதாவின் குரலைச் செயற்கை நுண்ணறிவில் உருவாக்கி வெளியிட்டது. கட்சியே அதை வெளிப்படையாகச் சொன்னது. எல்லாரும் அப்படிச் சொல்வார்கள் என்று நம்பி இருக்க முடியுமா?

பெரிதாக எதுவும் வேண்டாம், மூன்று போதும். 1909 பட்டியலில் அரசியல் என்று ஒரு வகை. அழைப்பின் முதல் வரியில் யார், யாருக்காக என்ற பெயர், போஸ்டரில் அச்சகத்தின் பெயர் இருப்பது போல. எண்ணோடு சேர்த்து ஓட்டு விருப்பத்தைப் பதிவு செய்யத் தடை. இதைச் சட்டமாக்க வேண்டியவர்களும் இதனால் பலன் பெறுகிறவர்களும் ஒரே ஆட்கள் என்பதால் சீக்கிரம் நடக்காது என்று தெரியும்.

அதுவரை, வீட்டில் அம்மா, அப்பா போன் எடுத்தால் சொல்லி வையுங்கள்: யாருக்கு ஓட்டு என்று மெஷின் கேட்டால் எந்த எண்ணையும் அழுத்த வேண்டாம், வைத்துவிடலாம். பதில் சொல்லாதது மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.